மழையில் வெளுத்த ஸ்பிட்ஃபயர்: காப்பாற்ற வழி உண்டா?

மொசைக்தரை (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாகச் சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருந்தேன். இன்று புலம்ப வந்திருக்கிறேன்.

அக்கா பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர் மார்க் 1ஏவை 1/72 அளவில் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் ஒன்று வாங்கினேன். பெயின்ட், பிரஷ், பசை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆரம்பப் பெட்டி. அவன் விமானியைச் சீட்டில் ஒட்டியதோடு கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். பெட்டி என் மேசையில் கிடந்தது. சும்மா ஒரு துண்டு ஒட்டிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். அது ஐந்து வாரத்துக்கு முன்னால்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை. கடைசி வேலைதானே என்று மேட் கிளியர் (பளபளப்பில்லாத, நிறமற்ற மேல்பூச்சு) ஸ்ப்ரே கேனை எடுத்துக்கொண்டு கொல்லைத் தாழ்வாரத்தில் நின்று அடித்தேன். பத்து நிமிடத்தில் விமானம் முழுக்க விபூதி பூசின மாதிரி ஆகிவிட்டது. பச்சையும் பழுப்பும் அடியில் எங்கேயோ தெரிகிறது.

மற்ற பாவங்களையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். இறக்கையில் ஒட்டிய வட்ட டெகால்களை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள்) சுற்றி வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு. விமானி அறைக் கண்ணாடியை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன், அது உள்ளுக்குள்ளே பனி படிந்த மாதிரி மங்கிவிட்டது. இறக்கைக்கு அடியில் வரும் பிட்டாட் குழாய் (விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்), அரிசியைவிடச் சின்னது, ட்வீசரிலிருந்து துள்ளி எங்கள் வீட்டு மொசைக் தரையில் விழுந்தது. கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று எல்லாப் புள்ளியும் இருக்கிற தரையில் எதைத் தேடுவது? பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.

தூக்கிப் போட்டுவிடவா?


பசைவாசம் (சென்னை, அடையாறு)

தூக்கிப் போடாதீர்கள் தம்பி. நீங்கள் சொன்ன நாலில் மூன்று சரியாகிவிடும். நாலாவதைத் தரை தின்றுவிட்டது, அது வேறு கணக்கு.

முதலில் வெளுப்பு. ஸ்ப்ரே கேனில் இருப்பது லாக்கர். அதிலுள்ள கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும், ஆவியாகிறபோது மேற்பரப்பின் சூட்டையும் பிடுங்கிக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். மழைநாளில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. குளிர்ந்துபோன பெயின்ட் மேல் அந்த ஈரம் நுண்துளியாகப் படிந்து, படலம் காய்வதற்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் விபூதி. உங்கள் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே இருக்கும் கிளியர்தான் பால் நிறமாகியிருக்கிறது.

நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள், அதே வகை கிளியரின் க்ளாஸ் (பளபளப்பு) கேனால் மெல்லிய ஈரப்பூச்சு ஒன்று கொடுங்கள். புதுக் கரைப்பான் பழைய படலத்தை இளக்கும், சிக்கிய ஈரம் வெளியேறும், நிறம் திரும்பும். காய்ந்த பிறகு மேட் அடித்துக்கொள்ளலாம். கேனைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவைத்தால் தூவல் நைசாக வரும். வெதுவெதுப்பு என்றால் கை பொறுக்கும் சூடு. அடுப்புப் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று. ஈரத்துக்கு பயந்து சிலர் மாடலை ஏசி அறையில் வைத்திருந்து, அப்படியே வெளியே எடுத்துவந்து அடிப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஏசி காரிலிருந்து இறங்கினால் என்ன ஆகும்? அதேதான். வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்து அரை மணி நேரமாவது இருக்கட்டும்.

கேனை நன்றாகக் குலுக்கினீர்களா? மேட் கேனின் அடியில் படிந்திருக்கும் பொடி சரியாகக் கலக்காவிட்டாலும் இப்படித் திட்டுத்திட்டாக வெளுக்கும். இரண்டு நிமிடம், கை வலிக்கிற வரைக்கும்.


கொட்டாங்கச்சி (நாகர்கோவில்)

ஐப்பசியில் லாக்கர் அடித்தால் ஆண்டவனே அடித்தாலும் வெளுக்கும். தை பிறக்கட்டும்.


மொசைக்தரை

மிக்க நன்றி. குலுக்கினேன், ஆனால் இரண்டு நிமிடம் எல்லாம் இல்லை. அப்புறம், தம்பி இல்லை, தங்கச்சி.


பசைவாசம்

மன்னிக்கணும்மா. மீதி இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

டெகால் மினுமினுப்பு: மேட் பெயின்ட் என்பது நுணுக்கிப் பார்த்தால் சொரசொரப்பு. டெகாலுக்கு அடியில் அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது, அதுதான் வெள்ளியாகத் தெரிகிறது. அடுத்த முறை முதலில் க்ளாஸ், அதன் மேல் டெகால், கடைசியில் மேட். இப்போது ஒட்டியதற்கு, ஊசி முனையால் ஏழெட்டு இடத்தில் குத்தி, டெகால் இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். சிவப்பு லேபிள் போட்ட மைக்ரோ சால் கிடைத்தால் நல்லது. டெகால் சுருங்கிக் கோரமாகும். அந்த நேரத்தில் விரல் வைக்காதீர்கள், தானே படிந்துவிடும். விரல் வைத்தவன் நான். ஆனால் நீங்கள் மேலே கிளியர் அடித்துவிட்டதால் திரவம் ஊசித் துளை வழியாக மட்டும்தான் இறங்கும், முழுக்கப் போகும் என்று சொல்ல மாட்டேன்.

கண்ணாடி: சாதாரண சூப்பர் க்ளூவின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். மெதுவாக நெம்பி எடுத்து, உள்பக்கம் பற்பசையை வைத்துப் பஞ்சுக் குச்சியால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். பொறுமை வேண்டும். திரும்ப ஒட்ட ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.


கிள்ளான்_கன்பிளா (மலேசியா)

எங்களுக்கு வருஷம் முழுக்க ஐப்பசிதான் அக்கா. அதனால் இங்கே பாதிப் பேர் லாக்கர் கேனையே தொடுவதில்லை. தண்ணீரில் கரையும் மேட் கிளியரை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) அடிக்கிறோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது ஈரம் தண்ணீராகிக் குழாயில் சேரும். அந்தத் தண்ணீரைப் பிடிக்கும் மாய்ஸ்ச்சர் ட்ராப் இல்லாமல் அடித்தேன், வெள்ளை இறக்கை நடுவில் பளிச்சென்று ஒரு சொட்டுத் தண்ணீர். கன்டம் என்ற ஜப்பானிய ரோபோ மாடலின் நெஞ்சில் கண்ணீர்த் துளி. காய வைப்பதற்குப் பாத்திரம் உலர்த்தும் மின்பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரிந்து வாங்கியதுதான்.

பசையே வேண்டாம், பெயின்ட்டே வேண்டாம் என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். 1980இல் முதல் கன்டம் கிட் 1/144 அளவில் 300 யென்னுக்கு வந்தது, அதற்குப் பசை தேவைப்பட்டது. இப்போது வருவதெல்லாம் நிறம் நிறமாக வார்த்து, சொடுக்கிப் பொருத்துகிற மாதிரி. நெயில் கட்டர் மாதிரி ஒரு நிப்பர் போதும்.


ஆணிஎண்ணி (பெங்களூரு)

எல்லோரும் வைத்தியம் சொல்கிறீர்கள், நான் குற்றம் சொல்ல வந்திருக்கிறேன். படம் போடுங்கள், நிஜ விமானத்தோடு ஒப்பிட்டு ஆணி ஆணியாக எண்ண வேண்டும்.


மொசைக்தரை

படம் போட்டால் சிரிக்கக் கூடாது. [3 படங்கள்]

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இதை எப்படியாவது தேற்றிவிட்டால் நம் விமானப்படை அடையாளம் போட முடியுமா? அதற்கென்று டெகால் தனியாகக் கிடைக்கும் என்கிறார்கள்.


ஆணிஎண்ணி

சிரிக்கவில்லை. உருமறைப்புக் கோடுகளை பிரஷால் இவ்வளவு சுத்தமாகப் போட்டிருப்பதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

போடலாம், உங்கள் விமானம். ஆனால் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். உங்களிடம் இருப்பது 1940இல் இங்கிலாந்து வானத்தில் சண்டை போட்ட மார்க் 1ஏ. இந்திய ஸ்குவாட்ரன்கள் பர்மா முனையில் ஓட்டத் தொடங்கியது மார்க் 8, 1944இல். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் வந்தால் உங்களுடையதற்கு மூன்று இதழ் புரொப்பெல்லர், அதற்கு நான்கு. உங்களுடையதன் வலது இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டர், இடது பக்கம் ஒல்லியாக ஆயில் கூலர். மார்க் 8இல் இரண்டு பக்கமும் பெரிய பெட்டி. வால் சக்கரம் அதில் உள்ளே மடங்கும், உங்களுடையதில் மடங்காது.

அடையாளமும் வேறு. அந்த முனையில் வட்டத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பான் விமானத்தில் இருந்தது சிவப்பு வட்டம், அவசரத்தில் சொந்த ஆளே சுட்டுவிடுவான் என்ற பயம். அதனால் கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும். டெகால்களில் நடுச் சிவப்பை வெளிர்நீலத்தால் மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள், அளவும் சின்னது.

நம் விமானப்படை ஓட்டிய சின்னப் போர் விமானமான நாட் செய்ய ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 நாட், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். சிவப்பு நிறத்தில் பிரிட்டிஷ் சாகசக் குழு ஓட்டியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஏறிப் போனது ஒற்றை இருக்கை நாட். பெட்டியின் மேல் நாட் என்று போட்டிருக்கிறதே என்று நான் வாங்கி, நம் மூவர்ண டெகாலையும் வாங்கி, பிறகுதான் இரண்டாவது சீட்டைப் பார்த்தேன்.


ஆவடிக்காரர் (சென்னை, ஆவடி)

ஆணிஎண்ணி சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் முதல் மாடல் செய்கிற பொண்ணிடம் ரேடியேட்டர் கணக்கு எதற்கு? நான் பணி ஓய்வுக்குப் பிறகு இதில் இறங்கியவன். முதல் டாங்கியில் சக்கரப் பட்டையைத் தலைகீழாக மாட்டினேன். எட்டு மாதம் அலமாரியில் இருந்தது. பேத்திதான் கண்டுபிடித்தாள்.

முப்பது வருடத்துக்கு மேல் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை. உள்ளே என்ன பார்த்தேன், எப்படிச் செய்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். டி-72 எம்1 அங்கேதான் அஜேயா என்ற பெயரில் வந்தது, இது ஊருக்கே தெரியும். ஜப்பான் மாடல் கம்பெனி டமியாவின் 1/35 டி-72 எம்1 பெட்டியைப் பாண்டி பஜார் பக்கம் ஒரு கடையில் பார்த்தபோது கை நடுங்கியது. பீரங்கியோடு சேர்த்து நிஜத்தில் ஒன்பதரை மீட்டர், பெட்டிக்குள் 27 சென்டிமீட்டர்.

ஒட்டி முடித்துப் பார்த்தால் ஏதோ குறை. இரண்டு நாள் யோசித்தேன். டரட், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி, வழவழவென்று சோப்பு மாதிரி இருந்தது. நிஜ டரட் வார்ப்பு எஃகு. வார்ப்பு என்றால் மேலே தடவினால் உள்ளங்கையில் உரைக்கும், மணல் அச்சின் தடம் அப்படியே இருக்கும். அதைக் கொண்டுவர புட்டியை மெல்லிய பசையில் குழைத்து, முடி உதிர்ந்த பழைய பிரஷால் செங்குத்தாகக் குத்திக் குத்தி வைக்க வேண்டும். தடவக் கூடாது, குத்த வேண்டும். அரை மணி கழித்து உப்புத்தாளால் லேசாக மேடுகளை மட்டும் ஒற்றி எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

டாங்கிக்கு ஏன் 1/35 என்று கேட்பார்கள், பாதியாகவும் வராது பத்திலும் வராது. 1961இல் டமியா முதல் பேந்தர் டாங்கி செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்குகிற அளவுக்கு உடலைச் செய்துவிட்டுப் பிறகு கணக்குப் போட்டால் ஏறக்குறைய முப்பத்தைந்து. பேட்டரி வைத்த கணக்கில் உலகமே இன்றைக்கு டாங்கி செய்துகொண்டிருக்கிறது. உங்கள் 1/72க்கு அந்தக் கூத்து இல்லை. ஆறடி மனிதன் ஓரங்குலம், அவ்வளவுதான்.


ஆணிஎண்ணி

ஐயா, சரண்டர். ஆனால் பட்டையைத் தலைகீழாக மாட்டி எட்டு மாதம் வைத்திருந்ததை நான் மறக்க மாட்டேன்.


பெரம்பூர்_பெட்டி (சென்னை)

அளவு பேச்சு வந்ததால் என் அழுகையும். எச்ஓ அளவில், அதாவது 1/87இல், பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் ரயில் பெட்டி ஒன்று ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகட்டில் வெட்டிச் செய்துகொண்டிருக்கிறேன். நிஜப் பெட்டி 21,337 மி.மீ. நீளம், 3,245 அகலம். என் மேசையில் 245 மி.மீ., 37 மி.மீ. இதுவரை பிரச்சினை இல்லை.

தண்டவாளத்துக்கு வருவோம். கடையில் விற்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குப் போட்ட கணக்கு. நம் பிராட்கேஜ் 1,676. அதை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. 19.3 மி.மீ. தண்டவாளம் பெட்டியில் போட்டு யாரும் விற்பதில்லை. ஆக 16.5 மேல் வைத்தால் நம் பெட்டி குறுகலான சக்கரத்தில், பருமனான மாமா சின்ன சைக்கிளில் போகிற மாதிரி நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. முகப்பில் பார்த்தால் எனக்கு மட்டும் தெரிகிறது.

நீலகிரி ரயில் செய்யலாமா என்றும் யோசித்தேன். மீட்டர்கேஜ் என்பதால் 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் கல்லாறுக்கு மேல் நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் வருகிறதே, அதில் ஒவ்வொரு பல்லாக ஒட்டுவதற்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். பெட்டியே போதும்.


தீப்பெட்டிகார் (மதுரை)

இங்கே எல்லோரும் கஷ்டப்பட்டு ஒட்டுகிறீர்கள். நான் ஒட்டுவதில்லை, சேர்க்கிறேன். டைகாஸ்ட் கார், அதாவது உலோகத்தில் வார்த்த பொம்மைக் கார், முக்கியமாகப் பழைய லெஸ்னி கம்பெனியின் மேட்ச்பாக்ஸ். வெளுப்பு இல்லை, டெகால் இல்லை, தரையில் தேடுவது இல்லை. வாங்கினோமா, கண்ணாடி அலமாரியில் வைத்தோமா, முடிந்தது.


ஆவடிக்காரர்

வாங்கி வைப்பது பொழுதுபோக்கா தம்பி? நகைக்கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார்.


தீப்பெட்டிகார்

ஐயா, கோபம் வந்தாலும் உங்களுக்கு என்பதால் சும்மா இருக்கிறேன். சும்மா வைத்தால் நிற்கும் என்றா நினைக்கிறீர்கள்? போருக்கு முந்தைய டிங்கி கார் ஒன்று ஏலத்தில் எடுத்தேன். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து ஊதும். பெயின்ட் போட்ட பிஸ்கட் மாதிரி, தூக்கினால் மட்கார்டு கையோடு வந்தது. அதற்கு மருந்தே கிடையாது. புதுக் காருக்கும் நிம்மதி இல்லை. மென்மையான டயரிலிருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து அடியிலுள்ள பிளாஸ்டிக் மேடையைத் தின்றுவிடும். இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் நாலு குழி. இப்போது காரின் அடியில் சின்னக் கட்டை கொடுத்து, டயர் தரையில் படாமல் நிறுத்தியிருக்கிறேன், ஓட்டாத அம்பாசடரை ஷெட்டில் செங்கல் மேல் ஏற்றி வைப்பார்களே, அப்படி.

மஞ்சளாகிப்போன பழைய டெகாலுக்கு எங்கள் ஊர் வைத்தியம்: ஜிப் கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் வெளுத்துவிடும். மற்ற நாட்டுக்காரர்கள் வாரக்கணக்கு சொல்கிறார்கள். மதுரையில் சித்திரை மாதம் நாலே நாள்.


ஆவடிக்காரர்

டயர் விஷயம் தெரியாது. வாபஸ்.


வல்வை_ஓடாவி (யாழ்ப்பாணம்)

தங்கச்சி, வடிவாகத்தான் செய்திருக்கிறீர்கள், பயப்படாதையுங்கோ. நான் பிளாஸ்டிக் தொட்டதில்லை, மரம்தான். அன்னபூரணியைச் செய்துகொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: வல்வெட்டித்துறையில் எங்கள் ஓடாவிமார் (கப்பல் கட்டும் தச்சர்கள்) வேப்பமரத்தில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகளே ஓட்டிக்கொண்டு 1938இல் மாசசூசெட்ஸ் குளோஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 89 அடி நீளம். நான் எடுத்த அளவு 1/48, ஒரு அடிக்குக் கால் அங்குலம், ஆக இருபத்திரண்டேகால் அங்குலம்.

இதற்குப் பெட்டி விற்பனைக்கு இல்லை. பழைய புகைப்படங்களை வைத்து, ஊரில் மிச்சமிருக்கும் முதியவர்களோடு கதைத்து, தாளில் கீறியதுதான் வரைபடம். மாதிரியையும் வேம்பிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஆறு மாதம் வீணானது. அந்த மரத்தின் ரேகை இந்த அளவுக்குப் பெரிது. ஒன்றரை மில்லிமீட்டர் பலகையாகச் சீவினால் ரேகை வழியே பிளந்துபோகிறது. இப்போது வெளிநாட்டு மென்மரப் பட்டிகள். சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஈயப்பற்று வைக்கும் கோலின் சூட்டுத் தண்டில் மெல்ல மெல்ல வளைக்கிறேன். முன்னணியத்தில் (கப்பலின் முன்முனை) தான் சரியான கஷ்டம், பத்துக்கு நாலு முறிகிறது. ஆணிக்குப் பதில் மூங்கில் குச்சியைத் துளைத்தட்டில் இழுத்து மெலிதாக்கி அடிக்கிறேன். பாய்க்கயிற்றுக்கு நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பஞ்சு எழும்பாது.

கீல், அதாவது அடிமரம், மட்டும் வேம்பு. அதை விட மனம் வரவில்லை.


பெரம்பூர்_பெட்டி

அண்ணை, படம். தயவுசெய்து படம். தனி இழையே தொடங்குங்கள்.


மொசைக்தரை

நாலு நாளாக மழை விடவில்லை. இன்று ஞாயிறு, பதினொரு மணிக்கு வெயில் வந்தது. மொட்டைமாடிக்கு ஓடினேன். க்ளாஸ் கேன், வெதுவெதுப்புத் தண்ணீர், இரண்டு நிமிடக் குலுக்கல், எல்லாம் சொன்னபடி. முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்துவிட்டு விமானத்தில் அடித்தேன்.

வெள்ளை என் கண் முன்னாலேயே போனது. ஈரமாகப் பட்ட இடத்திலெல்லாம் பச்சை எழுந்து வந்தது, கோலத்தில் தண்ணீர் தெளித்தால் மாவு மறைந்து தரை தெரியுமே, அந்த மாதிரி. கீழே இறங்கிவந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முதல்லயே இப்படித்தானே இருந்துச்சு" என்றார்.

கண்ணாடியை எடுத்துப் பற்பசையில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். முக்கால்வாசி தெளிவு. மங்கலான மூலை வழியாகப் பார்த்தால் விமானி கொஞ்சம் தூங்குகிற மாதிரி தெரிகிறார். டெகால் மினுமினுப்பு வலது இறக்கையில் போயிற்று, இடதில் போகவில்லை. இடது பக்கத்தைச் சுவரோரம் வைக்கப்போகிறேன். நம் நாட்டு அடையாளம் இதில் வேண்டாம், மார்க் 8 வாங்கும்போது பார்க்கலாம். (வாங்குவேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது.)

பிட்டாட் குழாய்தான் கிடைக்கவே இல்லை.


பசைவாசம்

அபாரம்! குழாய்க்கு, துண்டுகளை வெட்டியெடுத்த சட்டம் மிச்சம் இருக்கும் இல்லையா, அதில் ஒரு குச்சியை அகல்விளக்குக்கு மேலே இரண்டு அங்குல உயரத்தில் உருட்டிக்கொண்டே இருங்கள். பளபளவென்று தொய்யும்போது விளக்கிலிருந்து விலக்கி, ஜவ்வுமிட்டாய் மாதிரி நிதானமாக இழுங்கள். தலைமுடி கனத்துக்கு நூலாக வரும். வேகமாக இழுத்தால் மெல்லியது, மெதுவாக இழுத்தால் தடித்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், தீப்பிடித்தால் கறுப்புப் புகை வரும்.


மொசைக்தரை

கார்த்திகை விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஏழாவது இழுப்பில் சரியான கனம் வந்தது. எல் வடிவத்தில் மடக்கி ஒட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் ஒட்டியது வலது இறக்கையில். பெட்டிப் படத்தில் இடது.


ஆணிஎண்ணி

நான் ஒன்றும் சொல்லவில்லை.